பழைய காருக்குப் புது கேஸ்

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் என் மனைவியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகக் காரை எடுத்தேன். போடியைத் தாண்டி ராசிங்காபுரம் வருவதற்குள் அவள் ஏசி காற்று வரும் இடத்துக்கு நேரே கையை நீட்டி வைத்துப் பார்த்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெறும் காத்துதாங்க வருது" என்றாள்.

வேறு யாருக்காவது கார் ஏசி கெட்டுப்போனால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு அப்படி முடியாது. அவளுக்கு நரம்பில் ஒரு வியாதி. மதுரையில் பார்க்கும் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கரண்டு வயரின் மேல் ரப்பர் உறை இருக்கிறதே, அது மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டாம். இவளுக்கு அது அங்கங்கே தேய்ந்துகொண்டே வருகிறது. உடம்பு சூடானால் கண் மங்கும், கால் மரக்கட்டையாகிவிடும். குளிர்ந்தால் இரண்டும் திரும்பி வரும். "உடம்பு சூடாகாம பாத்துக்கங்க" என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். போடியில் குடியிருந்துகொண்டு சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். நல்ல மனிதர்கள் அங்கே. அவளுக்காகக் காலை நாலு பாடவேளையை மட்டும் ஒதுக்கி, கீழ்த்தளத்தில் வேப்பமர நிழல் விழும் அறையைக் கொடுத்திருந்தார்கள். குளிர்ந்த காரில் போய் இறங்கினால் கழுத்தில் ஓர் ஈரத்துண்டோடு மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிப்பாள். மத்தியானம் நான் போய்க் கூட்டி வந்துவிடுவேன். போகிற அரை மணி நேரம் குளிர்ந்து போனால்தான் அந்த நாலு மணி நேரம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு இது. இரண்டு வருஷமாகத் தப்பாமல் வந்தது.

அந்தப் பிள்ளைகளை ஒன்பதாவதிலிருந்து அவளே கொண்டுவந்திருந்தாள். "இதுகளப் பரீட்ச வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு நான் வீட்ல உக்காந்துக்கிறேன். அதுவரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடுங்க, போதும்" என்று சொல்லியிருந்தாள். பரீட்சை பங்குனியில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

புதுக் கார் வாங்க வேண்டியதுதானே என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த வருஷம் கையில் தோதில்லை என்பது ஒரு பக்கம். இன்னொன்று, அவள் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிற கார் அதுதான். பழைய காலத்துக் கதவு, அகலமாகத் திறக்கும். சீட்டு அவள் இடுப்புக்குச் சரியான உயரம். உட்கார்ந்து, காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். புதுக் கார்களை ஏறிப் பார்த்தோம். ஒன்று பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது, இன்னொன்றுக்கு ஏணி வைக்க வேண்டியிருந்தது. விற்க வந்த பையன் அவளைப் பிடித்துத் தூக்கிவிட வந்தான். "வேணாம்ப்பா, நாங்க வாங்கல" என்று சொல்லிவிட்டாள்.

தேனி ரோட்டில் எங்கள் பாயின் ஒர்க்ஷாப். பாய் என்னைவிட வயதில் சின்னவர், அதிகம் பேச மாட்டார். எதையும் மூன்று தரம் யோசித்துவிட்டு ஒரு தரம் சொல்வார். என் சுபாவம் நேர் எதிர். பானட்டைத் திறந்து, குழாயெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் குமிழ் குமிழாக வந்தது.

"ஓசு வெடிச்சிருக்குண்ணே. கேஸெல்லாம் போயிருச்சு."

"ஓச மாத்தி கேஸ அடிங்க பாய். வெரசா முடிங்க. டீச்சர் நாளைக்கிப் போகணும்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே, இது ஆர் பன்னெண்டு போடுற வண்டி. வானத்துல ஓட்ட விழுதுன்னு அந்த கேஸச் செய்றதையே நிப்பாட்டி எவ்வளவோ காலமாச்சு. இப்பக் கெடைக்காது. கெடைக்கும்னு எவனாச்சும் சொன்னா அது டூப்ளிகேட்டு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"புது கேஸுக்கு மாத்தணும். கேஸ மட்டும் மாத்துனாப் பத்தாது. பழைய ஆயிலும் புது கேஸும் ஒண்ணுக்கொண்ணு சேராது. உள்ள இருக்கிற ஆயில வழிச்சுக் கழுவி எடுக்கணும். ரப்பர் வளையமெல்லாம் வேற போடணும். ஈரத்த உறிஞ்சுற டிரையரும் புதுசு போடணும். கேஸ் அடிக்கிற வாயும் வேற. ரெண்டு வாரம் ஆகும்ணே, சாமான் மதுரையில இருந்து வரணும்."

இரண்டு வாரம் என்றதும் எனக்கு வந்ததே கோபம்! மோட்டாரைக் கண்டுபிடித்தவனிலிருந்து வானத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் ஒருவர் விடாமல் திட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொருவன் இருக்கிறான். அவனிடம் விசாரித்தால், "அடுப்பு கேஸ அடிச்சு விட்ருவம்ணே. பழைய ஆயிலே போதும், ஜில்லுனு இருக்கும். ஒரு மணி நேரச் சோலி" என்கிறான். மனசு ஆடிவிட்டது, பொய் சொல்லக்கூடாது. பாயிடம் வந்து கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "குளுரும்ணே. ஆனா டீச்சரம்மா உக்காந்து போற வண்டிக்குள்ள அடுப்பு கேஸ நான் அடிக்க மாட்டேன்" என்றார். சாமானுக்கு முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சாமான் வந்து சேரும்வரை காரை ஏசி இல்லாமலேயே ஓட்டினோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம். எவர்சில்வர் தூக்கில் ஐஸ் கட்டி, மூன்று ஈரத்துண்டு. ஒன்று கழுத்துக்கு, ஒன்று தலைக்கு, ஒன்று முழங்காலுக்கு. பள்ளிக்கூடத்தில் காவல்காரர் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே போய் நிற்போம். ஆனாலும் பத்து மணிக்கெல்லாம் அவளுக்கு இடது கால் இழுக்க ஆரம்பித்துவிடும். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட்டாளாம். பிள்ளைகள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்களாம். வரும்போது இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்லிக்கொண்டு வருவாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வருவேன்.

மற்ற சாமானெல்லாம் வந்து, பாய் கார் வேலையைத் தொடங்கி, பழைய ஆயிலைக் கழுவி எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு வந்தது தோதாகப் போயிற்று. டிரையர் மட்டும் பின்னால் பஸ்சில் பார்சலாக வந்தது. பாய் அன்றைக்குக் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் சொன்னார்: "பார்சல எடுத்து வைங்கண்ணே. நாளைக்கிக் காலையில பிரிக்காமக் கொண்டாங்க."

பிரிக்காமல். அந்த வார்த்தையை அவர் சொன்னார், என் காதிலும் விழுந்தது. அதில் சந்தேகமே இல்லை.

எனக்கு அன்று மலைக்குப் போக வேண்டியிருந்தது. நான் ஏலக்காய் வியாபாரி. கடைசி எடுப்புக் காய் ஒரு எஸ்டேட்டில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்து விலை பேச வேண்டும். பார்சலை அந்த எஸ்டேட் ஜீப்பில் போட்டுக்கொண்டு போடிமெட்டு ஏறிவிட்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். ஏலக்காய் வாங்குகிறவன் கட்டிய மூட்டையை நம்ப மாட்டான். பெற்ற தகப்பனே கட்டியிருந்தாலும் பிரிப்பான். மேலே கிடக்கும் காயைப் பார்க்க மாட்டான். முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவான். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவான். காய்ந்த காய் கலகலவென்று சொல்லும், ஈரக் காய் ஊமையாக இருக்கும். பிறகு ஒன்றைக் கிள்ளி மோந்து பார்ப்பான். ஈரத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். முப்பது வருஷமாக இதைச் செய்து செய்து, வீட்டுக்கு வரும் எதையும் பிரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. சோப்புக் கட்டியைப் பிரிப்பேன், மாத்திரை அட்டையைக் குலுக்குவேன். யாராவது மொய்க் கவர் கொடுத்தால் அவர்கள் முகத்துக்கு எதிரேயே பிரித்துவிடுவேன் என்று என்னைச் சபையில் உட்கார வைக்கவே என் மனைவி பயப்படுவாள்.

ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் உலர்த்தும் கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தட்டுத் தட்டாகப் பச்சைக் காய், புகைந்த மாதிரி ஈர ஆவி. வெளியே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சும் கலந்து பேசுவார். என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்து, "எந்தா முதலாளி இது, புதுசா?" என்றார்.

"கார் ஏசிக்கு. உள்ள ஓடுற கேஸ்ல ஈரம் இல்லாம உறிஞ்சிக்கிருமாம்" என்றேன்.

சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தேன். கைக்கு அடக்கமான அலுமினியக் குப்பி. இரண்டு பக்கமும் குழாய் மாட்டும் வாய், இரண்டுக்கும் இறுக்கமாகப் பிளாஸ்டிக் மூடி. பெட்டியிலும் குப்பியிலும் ஏதேதோ அச்சடித்திருந்தது. எவன் படித்தான்? இரண்டு மூடியையும் பலமாகத் திருகிக் கழற்றினேன், புஸ்ஸென்று காற்று போயிற்று. மோந்து பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே மணிமணியாக என்னவோ மெல்லக் கலகலத்தது.

"நல்லாக் காஞ்ச சரக்குதான்" என்று தீர்ப்பும் சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஜன்னல் திட்டில் அதை அப்படியே திறந்தபடி வைத்துவிட்டுக் காய் பார்க்கப் போய்விட்டேன். விலை படிய நேரமாகிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகிற வண்டி தெரியாத அளவுக்குப் பனி இறங்கிவிட்டதால் அங்கேயே தங்கினேன். காலையில் மூடிகளைத் தேடியெடுத்துத் திருகி, பெட்டியில் வைத்து, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அதைத் திரும்பத் தைத்து வைப்பது எங்கள் மரியாதை. பிரித்த சுவடே தெரியாமல் கொண்டுபோய் பாயின் கையில் கொடுத்தேன்.

பாய் அதை மாட்டினார். மிஷினைப் போட்டுக் குழாய்க்குள் இருந்த காற்றையெல்லாம் வெகுநேரம் உறிஞ்சி எடுத்தார். புது கேஸை அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, காற்று வந்தது பாருங்கள், அப்படி ஒரு குளிர்! மறுநாள் காலையில் என் மனைவி ஏறி உட்கார்ந்து, முகத்தை அதற்கு நேரே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, ஊட்டிக்கு ட்ரிப்பு போற மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ நானே குழாய்க்குள் புகுந்து ஊதி அனுப்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் ராசிங்காபுரம் தாண்டியதும் குளிர் நின்றது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது வெறும் காற்று. அவளை இறக்கிவிட்டு நேரே பாயிடம் வந்தேன். அவர் பானட்டைத் திறந்து, ஏசியைப் போடுகிறார், ஜில்லென்று வருகிறது! மறுநாளும் அதே கதை. இருபது நிமிஷம் குளிரும், பிறகு நின்றுவிடும். நிறுத்திப்போட்டு எடுத்தால் மறுபடியும் குளிரும். பாய் போடிக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. பல் வலியென்று டாக்டரிடம் போனால் அங்கே வலிக்காதே, அந்த மாதிரி.

"வால்வுல ஐஸு கட்டி கேஸு ஓடாம அடைக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றார் நாலாம் நாள். "ஐஸு கட்டுனா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஈரம் எப்பிடிப் போச்சுன்னுதான் விளங்கல. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, எல்லாத்தையும் கழட்டிப் பாத்துருவோம்."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் கத்தினேன். "ஒமக்குத் தொழில் தெரியுமா தெரியாதா பாய்? காத்த உறிஞ்சுறேன்னு மிஷினப் போட்டீரே, ஒழுங்கா உறிஞ்சுனீரா? இன்னும் பத்து நாள்தான் இருக்கு பரீட்சைக்கி. ரெண்டு நாள் விடவாம், ரெண்டு நாள்!" அவர் கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நாலு பேரில் ஒருவர் அவருடைய மைத்துனர் என்று பிறகுதான் தெரிந்தது.

வண்டியை விடவில்லை. பரீட்சை முடியட்டும், பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பாதி வழியில் தென்னந்தோப்பு நிழலில் காரை நிறுத்திப் பத்து நிமிஷம் ஏசியை அணைத்து வைத்தால் மிச்ச தூரத்துக்குக் குளிர் வந்தது. அதையே பழக்கமாக்கிக்கொண்டோம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் விடைத்தாள் திருத்துவாள்.

பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பு அன்று. தேவாரத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் வரிசையாக வண்டிகள் நின்றன. முதல் நாள் யானை இறங்கி ஒரு தோப்பையே மிதித்துப் போட்டுவிட்டதாம். விவசாயிகள் வாழையை வெட்டி ரோட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ்சு, பின்னால் மணல் லோடு ஏற்றிய லாரி. திருப்பவும் வழியில்லை. நிழல் என்று சொல்ல ஒரு பனைகூட அங்கே இல்லை.

நின்ற இடத்திலேயே ஏசி தன் புத்தியைக் காட்டியது. அணைத்தேன். காத்திருந்தேன். போட்டேன். ஐந்து நிமிஷம் குளிர்ந்தது, நின்றது. மறுபடி அணைத்தேன். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வேகிறது, இறக்கினால் வெளிக்காற்று அனல். ஐஸ் கட்டி கொண்டுவரும் பழக்கத்தைத்தான் விட்டுவிட்டோமே. இருந்த குடிதண்ணீரைத் துண்டில் ஊற்றிக் கழுத்தில் போட்டேன்.

"அந்தப் பஸ்சுல என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்டாள்.

பஸ் பத்தடி தூரத்தில் நிற்கிறது. ஊர்ப் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது.

இறங்கி ஓடினேன். உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், "வழி விடுங்கப்பா, வழி விடுங்க" என்று அலறினேன். "யான தின்னுட்டுப் போனதுக்கு எவன்யா வழி சொல்றது?" என்று ஒருவர் எகிறிக்கொண்டு எழுந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். முப்பது வருஷத்தில் கும்பிட்டு எதையும் கேட்டவனில்லை நான். "என் வீட்டுக்காரிக்கு முடியலப்பா" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நாலைந்து பெண்கள் என்னைவிட வேகமாகக் காருக்கு ஓடினார்கள். "ஆத்தா, பயப்படாத, பிடிச்சுக்க" என்று சொல்லி அவளைத் தூக்கிப் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குக் கொண்டுபோனார்கள். தொட்டித் தண்ணீரில் காலை விட்டு, தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். வாழையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வழக்கமாகக் குளிர்ந்தால் கால் மணி நேரத்தில் எழுந்துகொள்வாள். அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. கண் தெளிந்தது. கால் வரவில்லை.

"பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க, காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். பிறகு, "ரெண்டு கணக்கு மட்டும் இன்னைக்கின்னு எடுத்து வச்சிருந்தேன். அந்த மாதிரிக் கணக்கு வந்தாத் திணறிப் போயிருங்க" என்றாள். தண்ணீர் ஊற்றிய ஈரமா கண்ணீரா என்று அவள் முகத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு என்னுடையது தெரிந்தது.

மதுரையில் பத்து நாள் படுக்கை. ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. பிள்ளைகள் கணக்குப் பரீட்சை எழுதிய அன்று காலை பத்து மணியிலிருந்து அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குமேல்தான் தண்ணீர் கேட்டாள். ஊர் திரும்பும்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்க வந்தது. நடை வரவில்லை.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "சூட்டுனால வர்றது நிலைக்காதுங்க. இது வியாதியோட அடுத்த படி. அன்னைக்கி வெயில்ல நிக்காட்டியும் வந்திருக்கலாம்" என்றார். வந்திருக்கலாம். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதையேதான் சொன்னார். "அப்ப வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு உறுதியாச் சொல்லுங்க" என்று மேஜையைத் தட்டினேன். அவர் கோபப்படவில்லை. "அப்படி யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

ஊருக்கு வந்த பிறகு காரை பாயிடம் கொண்டுபோய் விட்டேன். பேசவே கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி, "டீச்சரம்மா எப்பிடி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எல்லாவற்றையும் கழற்றி, டிரையரை எடுத்து என் கையில் கொடுத்தார். இன்னொரு புது டிரையரைப் பிரித்து, மூடியோடு அடுத்த கையில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைசு. என்னமோ இது கனமா இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது. ஒங்க கை நெறுத்துப் பழகுன கை, சொல்லுங்க."

தராசு எதற்கு? ஈரக் காயின் கனம் என் கைக்குத் தெரியாதா? மூடுபனி முழுவதையும் குடித்துவிட்டுக் கனத்துக் கிடந்தது அது.

"பாய், மூடியத் தொறந்தது நான்தான்" என்றேன். ஸ்டோர், ஜன்னல் திட்டு, ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்ததையும் சொன்னேன்.

திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் முன்னால் நான் திட்டியதற்கு எட்டுப் பேரைக் கூட்டி வைத்துத் திட்டியிருக்கலாம். அவர் அந்தக் குப்பியை வாங்கிக் கீழே வைத்தார். "மூடி கையாலயே லேசாத் திருகி வந்துச்சுண்ணே. புதுசுல அப்பிடி வராது. மூடியத் தொறந்தா உள்ள இருந்து புஸ்ஸுன்னு காத்து வரணும், வரல. நான் அப்பவே நிப்பாட்டிக் கேட்டிருக்கணும். நீங்கதான் வெரசா, வெரசான்னு நின்னீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஒர்க்ஷாப் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், முகத்தைப் பார்த்ததும் கொட்டிவிட்டேன். "நீங்க எதத்தான் பிரிக்காம விட்டிருக்கீங்க?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியிலேயே அது நின்றுவிட்டது. பிறகு என் கையை எடுத்து வைத்துக்கொண்டு, "டாக்டர் சொன்னாருல்ல, விடுங்க" என்றாள். விடுவதற்கு அது என் கையிலா இருக்கிறது?

பாய் எல்லாவற்றையும் மறுபடி கழுவி, புது டிரையர் போட்டு, கேஸ் அடித்துக் கொடுத்தார். சோதித்துப் பார்க்க நான் ஒருவனே தேவாரம் வரைக்கும் போய்த் திரும்பினேன். மட்ட மத்தியானம், சித்திரை வெயில். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. முழங்கால் விறைக்கிற மாதிரி குளிர். அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரு வெறி. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அடுத்த செட்டுப் பிள்ளைகள் வரும், இந்தக் குளிரில் கொண்டுபோய் விட்டால் போதும், இரண்டு பாடவேளையாவது எடுப்பாள், நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்கட்டும் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அவளைத் தாங்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

"பாரு. கைய வச்சுப் பாரு. ஒரு மணி நேரமா ஓடுது, நிக்கவே இல்ல."

அவள் கையை நீட்டி வைத்துப் பார்த்தாள்.

"நல்லாக் குளுருதுங்க" என்றாள். "எவ்வளவு தூரம்னாலும் போகலாம்." கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு விளங்காத கணக்கைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டாள்:

"போனா எறங்கணும்லங்க?"

ஏசியை அணைத்துவிட்டு இறங்கி, அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். காருக்கும் வாசல்படிக்கும் பத்து எட்டு இருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.